பழைய சர்வர் போகட்டும், டொமைன் இருக்கட்டும்

கேள்வி: கோவை மாவட்டத்தில் ஒரு நூற்பாலையின் கணினிப் பிரிவைத் தனியாளாகக் கவனித்து வருகிறேன். தலைமை ஆலையில் ஒன்று, திண்டுக்கல் அருகே உள்ள கிளையில் ஒன்று என இரண்டு டொமைன் கன்ட்ரோலர்கள் (பயனர்களின் உள்நுழைவைச் சரிபார்க்கும் சர்வர்கள்) உள்ளன. இரண்டும் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. டொமைனை, அதாவது ஆலையின் பயனர்களும் கணினிகளும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வரும் அமைப்பை, 2003 சர்வர் காலத்தில் எனக்கு முன்பிருந்தவர் உருவாக்கினார். ஃபங்ஷனல் லெவல் (எந்தப் பதிப்பின் வசதிகள் வரை டொமைனில் இயங்கும் என்ற அளவு) இப்போது 2008 ஆர்2 என்று காட்டுகிறது. பயனர்கள் சுமார் 140 பேர். தலைமை ஆலை சர்வரிலேயே டிஹெச்சிபி (கணினிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் சேவை), கோப்புப் பகிர்வு, பிரின்டர் எல்லாம் ஓடுகின்றன. தணிக்கையாளர் சர்வரை மாற்றியே ஆக வேண்டும் என்று எழுதிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே சர்வரில் 2022 அல்லது 2025 பதிப்பை ஏற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். சர்வர் விற்பவரோ பழைய டொமைனைக் கைவிட்டுப் புதிய டொமைன் தொடங்கினால் சுத்தமாக இருக்கும் என்கிறார். எது சரி?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, இரண்டு வழிகளையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் டொமைனை அப்படியே காப்பாற்றிக்கொண்டு, அதைத் தாங்கும் இயந்திரங்களை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றுவதே உங்களுக்கு ஏற்ற வழி. புதிய சர்வர் ஒன்றைக் கூடுதல் டொமைன் கன்ட்ரோலராகச் சேர்த்து, பொறுப்புகளை அதற்கு மாற்றி, பழையதை முறைப்படி விடுவிப்பதுதான் அதன் சாரம். வேலை நாட்களிலேயே, பயனர்களுக்குத் தெரியாமலே இதில் பெரும்பகுதியைச் செய்ய முடியும்.

தணிக்கையாளர் சொன்னது நியாயமானதே. 2012 ஆர்2 பதிப்புக்கான நீட்டித்த ஆதரவு 2023 அக்டோபர் 10 அன்று முடிந்துவிட்டது. தனியாகப் பணம் கட்டிப் பெறும் பாதுகாப்புத் திருத்தங்களும் 2026 அக்டோபர் 13 வரைதான். நிறுவனத்தின் எல்லாக் கடவுச்சொற்களின் அடையாளமும் தங்கியிருக்கும் இயந்திரம் டொமைன் கன்ட்ரோலர். திருத்தம் வராத நிலையில் ஒருபோதும் விட்டுவைக்கக் கூடாதது அதுதான்.

விற்பவர் சொல்லும் புதிய டொமைனை முதலில் பார்ப்போம். புதிய டொமைன் என்றால் ஒவ்வொரு பயனருக்கும், ஒவ்வொரு குழுவுக்கும் புதிய பாதுகாப்பு அடையாள எண் பிறக்கிறது. கோப்புறைகளின் அனுமதிகள் பழைய எண்களைச் சுட்டிக்கொண்டிருப்பதால் அவை அனைத்தையும் மீண்டும் அமைக்க வேண்டும். எல்லாக் கணினிகளையும் பழைய டொமைனிலிருந்து பிரித்துப் புதியதில் சேர்க்க வேண்டும், ஒவ்வொருவரின் டெஸ்க்டாப்பும் மின்னஞ்சல் அமைப்பும் புதிய புரொஃபைலில் மறுபடி உருவாக வேண்டும். அடையாள எண்களின் பழைய வரலாற்றைக் கொண்டுசெல்லும் கருவிகள் இருந்தாலும், இரண்டு டொமைன்களுக்கிடையே நம்பிக்கை உறவு அமைத்து அதைச் செய்வது தனியாளுக்குரிய வேலை அன்று. டொமைன் பழையது என்பது ஒரு குறையே இல்லை. விண்டோஸ் 2000 காலத்தில் பிறந்த டொமைன்கள் இன்றும் நல்ல ஆரோக்கியத்தோடு ஓடுகின்றன. அதில் சேர்ந்திருக்கும் குப்பையைத்தான் அகற்ற வேண்டும், அதை இருக்கும் இடத்திலேயே செய்யலாம்.

அதே சர்வரில் மேலேற்றுவதை மறுப்பதற்குக் காரணங்கள் வேறு. 2012 ஆர்2-விலிருந்து 2022-க்கு நேரடியாகத் தாவும் பாதை ஆதரிக்கப்படுவதில்லை. இடையில் 2016 அல்லது 2019-இல் நின்று செல்ல வேண்டும். உங்கள் சர்வரில் கோப்பும் டிஹெச்சிபியும் பிரின்டர் டிரைவர்களும் கலந்து கிடப்பதால், ஏற்றம் பாதியில் நின்றால் டொமைனோடு சேர்த்து எல்லாமே நிற்கும். அப்போது திரும்பிச் செல்ல உங்களிடம் இருப்பது ஒரே ஒரு பேக்கப்தான். பக்கத்தில் புதிய சர்வரைச் சேர்க்கும் முறையில், எந்தக் கட்டத்தில் சிக்கல் வந்தாலும் பழைய சர்வர் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். புதியதை நீக்கிவிட்டு மறுபடி தொடங்கலாம்.

இனி 2022-ஆ, 2025-ஆ என்ற கேள்வி. உங்கள் நிலையில் இதை விருப்பம் தீர்மானிப்பதில்லை, ஃபங்ஷனல் லெவல் தீர்மானிக்கிறது. 2025 பதிப்பு டொமைன் கன்ட்ரோலராக வேண்டுமானால் டொமைனும் ஃபாரஸ்டும் (டொமைன்கள் அடங்கிய மேல்மட்ட அமைப்பு) குறைந்தது 2016 லெவலில் இருக்க வேண்டும். 2012 ஆர்2 கன்ட்ரோலர் ஒன்று மிச்சமிருந்தாலும் அந்த லெவலுக்கு உயர்த்த முடியாது. 2022 பதிப்போ 2008 லெவல் இருந்தாலே சேர்ந்துகொள்ளும். எனவே 2025-க்குப் போக உங்களுக்கு எப்படியும் இடையில் ஒரு படி தேவை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் 2022-இல் நின்றுவிடுவேன். அதற்கு 2031 அக்டோபர் 14 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். 2025 பதிப்பு எல்டாப் (டொமைனின் தரவுத்தளத்திடம் தகவல் கேட்கும் நெறிமுறை) கையொப்பத்தைப் புதிய நிறுவல்களில் இயல்பாகவே கட்டாயமாக்குகிறது, பழைய உள்நுழைவு முறையான என்டிஎல்எம் முதல் பதிப்பை அறவே நீக்கிவிட்டது, டொமைனின் உள்நுழைவு முறையான கெர்பரோஸின் முதல்நிலை டிக்கெட்டுகளைப் பழைய ஆர்சி4 குறியாக்க முறையில் வழங்குவதில்லை. இவை எல்லாம் நல்ல மாற்றங்கள்தாம். ஆனால் 2003 காலத்துச் சாதனங்கள் எவ்வளவு மிச்சம் இருக்கின்றன என்று கணக்கெடுக்காத ஒரு வலையமைப்பில் அவை ஒரே நாளில் வந்து இறங்குவது நல்லதல்ல.

உரிமம் வாங்கும்போது மட்டும் 2025-ஐயே வாங்குங்கள். அந்த உரிமத்தைக் கொண்டு முந்தைய பதிப்பை நிறுவிக்கொள்ளும் உரிமை உண்டு. அது உங்களுக்குத் தரப்படும் உரிம வகையிலும் பொருந்துகிறதா என்பதை விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பயனர் அணுக்க உரிமங்களும் பதிப்புக்குக் கட்டுப்பட்டவை: 2012-க்கு வாங்கியவை 2022-க்குச் செல்லாது. மதிப்பீட்டில் பலரும் விட்டுவிடும் செலவு இது. ஸ்டாண்டர்ட் பதிப்பு, எல்லா கோர்களுக்கும் உரிமம் பெற்ற ஒரு சர்வரில் இரண்டு விர்ச்சுவல் மெஷின்களை அனுமதிக்கிறது. ஒன்றை டொமைன் கன்ட்ரோலருக்கு மட்டும் வைத்து, கோப்பு, பிரின்டர், டிஹெச்சிபி ஆகியவற்றை மற்றதற்குக் கொண்டுசெல்லுங்கள். டொமைன் கன்ட்ரோலரில் பிரின்ட் ஸ்பூலரை நிறுத்திவைக்க வேண்டும் என்பது 2021-இல் வெளிப்பட்ட ஸ்பூலர் ஓட்டைகளுக்குப் பிறகு எவரும் மறுக்காத விதி. நீங்கள் இப்போது வைத்திருக்கும் அமைப்பில் அது முடியாது.

ஆயினும், புதிய சர்வரை வாங்குவதற்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை ஒன்று உள்ளது. நோயோடு இருக்கும் டைரக்டரியை (டொமைனின் பயனர், கணினி விவரங்கள் அடங்கிய தரவுத்தளத்தை) இடம் மாற்றினால் நோயும் கூடவே வரும். இரண்டு கன்ட்ரோலர்களிலும் டிசிடயாக், ரெப்அட்மின் ஆகிய கருவிகளை ஓட்டி, தலைமை ஆலைக்கும் கிளைக்கும் இடையே இரு திசையிலும் ரெப்ளிகேஷன் (மாற்றங்கள் ஒன்றிலிருந்து மற்றதற்கு நகலாவது) பிழையின்றி நடக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக வெற்றி பெற்ற நேரத்தைக் கட்டாயம் கவனியுங்கள். ஒரு கன்ட்ரோலர் டூம்ஸ்டோன் காலத்தையும் (நீக்கப்பட்டவற்றின் அடையாளம் டைரக்டரியில் வைத்திருக்கப்படும் காலம்) தாண்டித் தொடர்பின்றி இருந்திருந்தால் அதைச் சரிசெய்ய முயலாமல் நீக்கிவிடுவதே நல்லது. அந்தக் காலம் பொதுவாக 180 நாட்கள். ஆனால் 2003 சர்வரின் தொடக்கப் பதிப்பில் உருவான ஃபாரஸ்ட்களில் 60 நாட்களாகவே இருக்கக்கூடும் என்பதால், உங்கள் மதிப்பு எது என்பதை நேரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பு எப்போதோ பழுதாகிக் குப்பைக்குப் போன கன்ட்ரோலரின் பெயர் சைட்ஸ் அண்ட் சர்வீசஸ் நிர்வாகக் கருவியிலோ டிஎன்எஸ்ஸிலோ (பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றும் சேவை) இன்னும் இருந்தால், அதன் மெட்டாடேட்டாவை (டைரக்டரியில் எஞ்சிய அதன் பதிவுகளை) இப்போதே அகற்றுங்கள்.

அடுத்து வருவதுதான் உங்கள் கேள்வியில் நீங்கள் குறிப்பிடாத, ஆனால் நான் மிகவும் அஞ்சும் பகுதி. டொமைன் 2003 காலத்தில் பிறந்தது என்கிறீர்கள். அப்படியானால் குரூப் பாலிசிகளும் (கணினிகளுக்கும் பயனர்களுக்குமான பொது விதிகள்) உள்நுழைவு ஸ்கிரிப்ட்களும் தங்கும் சிஸ்வால் கோப்புறையை இன்றும் பழைய எஃப்ஆர்எஸ் சேவைதான் கன்ட்ரோலர்களுக்கிடையே நகலெடுத்துக்கொண்டிருக்க வாய்ப்பு மிக அதிகம். ஃபங்ஷனல் லெவலை உயர்த்துவதால் இது தானாக மாறுவதில்லை. யாராவது கையால் மாற்றியிருந்தால்தான் உண்டு. 2019-இலிருந்து வந்த எந்தப் பதிப்பும் எஃப்ஆர்எஸ் ஓடும் டொமைனில் கன்ட்ரோலராகச் சேர முடியாது. எஃப்ஆர்எஸ்ஸுக்குப் பதிலாக வந்த டிஎஃப்எஸ்ஆர் சேவைக்கு மாற்றும் டிஎஃப்எஸ்ஆர்மிக் கருவியைக் கேட்டால் உங்கள் நிலையைச் சொல்லிவிடும்: 'நீக்கம்' எனப்படும் மூன்றாம் நிலையில் இருப்பதாகச் சொன்னால் கவலை இல்லை, மாற்றமே தொடங்கப்படவில்லை என்றால் கீழே சொல்வதைச் செய்தாக வேண்டும்.

மாற்றம் தொடக்கம், தயார்நிலை, திசைமாற்றம், நீக்கம் என்ற நான்கு நிலைகளில் நடக்கிறது; அவை 0 முதல் 3 வரை எண்ணப்படுகின்றன. தயார்நிலையில் சிஸ்வாலின் நகல் ஒன்று புதிய கோப்புறையில் உருவாகி டிஎஃப்எஸ்ஆர் சேவையால் பரிமாறப்படுகிறது. பயனர்கள் பழையதையே பார்க்கிறார்கள். திசைமாற்றத்தில் அவர்கள் புதிய கோப்புறையைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். பழையது பின்னணியில் உயிரோடு இருக்கும். அதுவரை பின்வாங்கலாம், நீக்கத்துக்குப் பிறகு முடியாது. எனவே ஒவ்வொரு நிலையிலும் இரண்டு கன்ட்ரோலர்களும் வந்து சேர்ந்துவிட்டதாகக் கருவி சொல்லும் வரை காத்திருங்கள், திசைமாற்ற நிலையில் ஒரு வாரமாவது வேலை நாட்களை ஓடவிடுங்கள், அந்தக் காலம் முழுவதும் குரூப் பாலிசி எதையும் திருத்தாதீர்கள். தொடங்கும் முன் எல்லாப் பாலிசிகளையும் தனியே பேக்கப் எடுங்கள். கிளையில் மின்தடையால் சர்வர் திடீரென அணைந்திருக்கும் வரலாறு இருந்தால், எஃப்ஆர்எஸ் நிகழ்வுப் பதிவில் 13568 என்ற எண்ணைத் தேடுங்கள். அது ஜர்னல் (கோப்பு மாற்றங்களின் பதிவேடு) தொடர்ச்சி அறுந்து சிஸ்வால் பரிமாற்றம் நின்றுபோனதன் அடையாளம். மாதக்கணக்கில் யாரும் கவனிக்காமல் இரண்டு ஆலைகளிலும் இருவேறு பாலிசிகள் ஓடிக்கொண்டிருக்கும் நிலையை இது உண்டாக்கும், அதைச் சரிசெய்யாமல் மாற்றத்தைத் தொடங்கக் கூடாது.

பேக்கப் பற்றி ஒன்று. இரண்டு கன்ட்ரோலர்களிலும் சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் எடுங்கள், டைரக்டரி மீட்பு முறைக்கான கடவுச்சொல் உங்களுக்கு உண்மையிலேயே தெரியுமா என்று சோதியுங்கள். தெரியாவிட்டால் இப்போதே மாற்றிவைக்கலாம். விர்ச்சுவல் மெஷின் ஸ்னாப்ஷாட்டைப் பேக்கப்பாகக் கருதாதீர்கள். புதிய சர்வர் சேரும்போது நடக்கும் ஸ்கீமா (டைரக்டரியின் கட்டமைப்பு விதிகள்) மாற்றத்தைத் திரும்பப் பெறும் வழி ஃபாரஸ்ட் முழுவதையும் பேக்கப்பிலிருந்து மீட்பது மட்டுமே. அந்த நாள் வராது என்று நம்புகிறேன், ஆனால் பேக்கப் இல்லாமல் அந்தப் பொத்தானை அழுத்த வேண்டாம்.

இவை முடிந்தபின், புதிய சர்வரைச் சேர்ப்பது எளிது. புதிய பெயரும் புதிய ஐபி முகவரியும் கொடுத்து, டிஎன்எஸ்ஸுக்குப் பழைய கன்ட்ரோலரைக் காட்டி, டொமைனில் சேர்த்து, கன்ட்ரோலராக உயர்த்துங்கள். ஸ்கீமா நீட்டிப்பை நிறுவல் மென்பொருளே தானாகச் செய்துகொள்ளும். அதற்கு உங்கள் கணக்கு ஸ்கீமா அட்மின்ஸ், என்டர்பிரைஸ் அட்மின்ஸ் குழுக்களில் இருக்க வேண்டும், முடிந்ததும் அவற்றிலிருந்து வெளியேறிவிடுங்கள். ஸ்கீமா எண் 69-இலிருந்து 88 ஆகியிருக்கும். சிஸ்வால், நெட்லாகன் ஆகிய இரண்டு பகிர்வுகளும் புதிய சர்வரில் தோன்றும் வரை வேறு எதையும் தொடாதீர்கள். டிஎன்எஸ் மண்டலங்கள் டைரக்டரியோடு தானாக வந்துவிடும். வெளி உலகப் பெயர்களுக்கான ஃபார்வேர்டர் அமைப்பு வராது. அதைக் கையால் அமைக்க மறந்தால், பழையது அணைந்த அன்று இணையம் வேலை செய்யவில்லை என்ற புகார்தான் முதலில் வரும்.

ஐந்து எஃப்எஸ்எம்ஓ பொறுப்புகளையும் (ஒரு நேரத்தில் ஒரு கன்ட்ரோலர் மட்டுமே ஏற்கும் தனிப் பொறுப்புகள்) பழையது உயிரோடு இருக்கும்போதே முறையாகக் கைமாற்றுங்கள். பறித்தெடுக்கும் கட்டளை, திரும்பி வரவே முடியாத சர்வருக்கு மட்டும் உரியது. பறித்தபின் அந்தப் பழைய சர்வர் வலையமைப்பில் மறுபடி தலைகாட்டக் கூடாது. ஐந்தில் பிடிசி எமுலேட்டரை மாற்றும்போது நேரத்தையும் சேர்த்து நினைவில் கொள்ளுங்கள், டொமைன் முழுவதும் அதனிடம்தான் நேரம் கேட்கிறது. கெர்பரோஸ் ஐந்து நிமிட வேறுபாட்டுக்கு மேல் பொறுக்காது. புதிய பிடிசி விர்ச்சுவல் மெஷினாக இருந்தால், அதைத் தாங்கும் சர்வரிடமிருந்து நேரம் பெறும் இணைப்பை நிறுத்திவிட்டு, வெளி நேர மூலத்தைக் காட்டுங்கள். இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு, நிறுவனங்கள் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு இணைய வேண்டும் என்கிறது. உங்கள் தணிக்கையாளர் அடுத்த முறை இதையும் கேட்கக்கூடும்.

இதுவரை சொன்னதெல்லாம் டைரக்டரியின் வேலை. அது ஒழுங்காக எழுதப்பட்ட மென்பொருள், சொன்னபடி நகர்ந்துவிடும். உங்கள் நேரத்தில் பெரும்பகுதி போக வேண்டியது, பழைய சர்வரின் பெயரையோ ஐபி முகவரியையோ கையால் எழுதிவைத்துக்கொண்டு அதை மட்டுமே நம்பியிருக்கும் சாதனங்களைத் தேடுவதில்தான். டொமைனில் சேர்ந்த கணினிகள் கன்ட்ரோலரைத் தாமாகவே கண்டுபிடிக்கும். பயோமெட்ரிக் வருகைப் பதிவு மென்பொருள் கண்டுபிடிக்காது. ஃபயர்வாலின் பயனர் உள்நுழைவு, நாஸ் சேமிப்பகம், வைஃபை கட்டுப்பாட்டுக் கருவி, ஸ்கேன் செய்து கோப்புறைக்கு அனுப்பும் நகல் இயந்திரம், ஆலைத்தளத்தில் நிலையான ஐபி கொடுக்கப்பட்ட கணினிகள் ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். நகல் இயந்திரம் பழையதாக இருந்தால் அது கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பியின் முதல் பதிப்பை மட்டுமே பேசும். புதிய சர்வரில் அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. ஒரு ஸ்கேனருக்காக அதை மீண்டும் இயக்காதீர்கள். மின்னஞ்சல் வழியே அனுப்பும்படி மாற்றிவிடுங்கள் அல்லது அந்த இயந்திரத்தை மாற்றும் செலவை மதிப்பீட்டில் சேருங்கள்.

கையொப்பமில்லாமல் எல்டாப்பில் இணைபவற்றைக் கண்டுபிடிக்கப் பழைய கன்ட்ரோலரே உதவும். எல்டாப் இடைமுக நிகழ்வுகளுக்கான பதிவு அளவை ரெஜிஸ்ட்ரியில் 2 ஆக உயர்த்தினால், டைரக்டரி சர்வீஸ் பதிவில் 2889 என்ற நிகழ்வு ஒவ்வொரு முறையும் அந்தச் சாதனத்தின் ஐபியையும் பயன்படுத்திய கணக்கையும் எழுதும். இதை ஒரு முழு மாதம் ஓடவிடுங்கள். சம்பளக் கணக்கும் இருப்புக் கணக்கும் மாதத்துக்கு ஒரு முறைதான் ஓடுகின்றன. கூடவே, பல ஆண்டுகளாகக் கடவுச்சொல் மாறாத சேவைக் கணக்குகளையும் பட்டியலிடுங்கள். 2008-க்கு முந்தைய கன்ட்ரோலர்களின் காலத்தில் வைத்த கடவுச்சொல்லுக்கு ஏஇஎஸ் குறியாக்கச் சாவிகள் உருவாகியிருக்காது. ஒரு முறை மாற்றினால் உருவாகிவிடும். நாளை 2025-க்குப் போகும்போது உங்களைக் காப்பாற்றுவது இந்த வேலையே.

பழைய சர்வரை விடுவிக்கும் முன் ஒரு வாரம் அதை அணைத்துவைத்துப் பாருங்கள். டிஹெச்சிபியும் கோப்புகளும் அதற்குள் வேறிடம் போயிருக்க வேண்டும், டிஹெச்சிபி தரும் டிஎன்எஸ் முகவரியும் மாறியிருக்க வேண்டும். எது நின்றாலும் சர்வரை உயிர்ப்பித்து, காரணத்தைச் சரிசெய்து, மறுபடி அணையுங்கள். டூம்ஸ்டோன் காலத்துக்குள் இதைச் செய்வதில் ஆபத்து இல்லை. எதுவும் நிற்கவில்லை என்றால் அதை இயக்கி, ரெப்ளிகேஷன் சமநிலைக்கு வந்ததும், முறைப்படி கன்ட்ரோலர் பொறுப்பிலிருந்து இறக்குங்கள். அணைந்த நிலையிலேயே தூக்கி எறிந்துவிட வேண்டாம். அதில் சான்றிதழ் சேவை நிறுவப்பட்டிருந்தால் முதலில் அதை இடம் மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் இறக்கவே விடாது. ஆலைத்தளத்தில் தேடியும் கண்டுபிடிக்க முடியாத சாதனங்கள் இருக்கும் என்று அஞ்சினால், பழையது இறங்கியபின் அதன் ஐபியைப் புதிய கன்ட்ரோலருக்குக் கொடுத்துவிடுங்கள். டிஎன்எஸ் பதிவுகளைப் புதுப்பித்து நெட்லாகன் சேவையை மறுபடி தொடங்கினால் போதும். சிலர் இதைத் தூய்மையற்ற வழி என்பார்கள்; இரவு ஷிஃப்ட் நடக்கும் ஆலையில் நான் தயங்காமல் இதைச் செய்வேன்.

கிளையின் கன்ட்ரோலரை இரண்டாவதாக, இதே வரிசையில் மாற்றுங்கள். அங்கே சர்வர் அறைக்குப் பூட்டு இல்லையென்றால், படிக்க மட்டும் அனுமதிக்கும் கன்ட்ரோலரை வைப்பது பற்றி யோசியுங்கள். அதில் நீங்கள் அனுமதித்த பயனர்களின் கடவுச்சொற்கள் மட்டுமே தங்கும் என்பதால், சர்வரே களவு போனாலும் இழப்பு அந்த அளவோடு நிற்கும். ஆனால் எழுதக்கூடிய கன்ட்ரோலர்கள் குறைந்தது இரண்டாவது இருக்க வேண்டும். அப்படிச் செய்தால் தலைமை ஆலையில் வேறொரு இயந்திரத்தில் இன்னொன்று தேவைப்படும்.

இரண்டு பழைய கன்ட்ரோலர்களும் போய், ரெப்ளிகேஷன் சில வாரங்கள் பிழையின்றி ஓடியபின் டொமைனையும் அடுத்து ஃபாரஸ்டையும் 2016 லெவலுக்கு உயர்த்துங்கள். 2019-க்கும் 2022-க்கும் தனி லெவல் கிடையாது. நீக்கியவற்றை மீட்க உதவும் டைரக்டரியின் ரீசைக்கிள் பின் இன்னும் இயக்கப்படாமல் இருந்தால் இயக்கிவிடுங்கள். உங்கள் தற்போதைய லெவலே அதற்குப் போதுமானது என்பதால் அதை இன்றே கூடச் செய்யலாம். கடைசியாக, கெர்பரோஸ் டிக்கெட்டுகளுக்கு முத்திரையிடும் கேஆர்பிடிஜிடி கணக்கின் கடவுச்சொல்லை இரண்டு முறை மாற்றுங்கள். முதல் மாற்றம் எல்லாக் கன்ட்ரோலர்களுக்கும் போய்ச் சேர வேண்டும், பழைய டிக்கெட்டுகளின் ஆயுளும் முடிய வேண்டும். அந்த ஆயுளின் இயல்பு அளவு 10 மணி நேரம். ஆகவே இரண்டாவது மாற்றத்தை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.